ஆபீஸுக்கு ஒரு காப்பி

எனக்கு எழுத வராது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். அதிலும் கடைசி வருஷம் பாதி நாள் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பிடுங்கப் போய்விட்டேன். அதற்கப்புறம் நான் எழுதினதெல்லாம் ஹாஸ்டல் சாப்பாட்டு நோட்டில் பிள்ளைகளின் பேரும், சாப்பிட்டதற்குப் பக்கத்தில் ஒரு கோடும்தான். அதனால் முன்னால் வர வேண்டியது பின்னால் வரும். சிலது மறந்தும் போயிருக்கும். படிக்கிறவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

கள்ளக்குறிச்சியில் காலேஜ் பெண்பிள்ளைகள் தங்கிய ஹாஸ்டலில் நான் பத்தொன்பது வருஷம் சமையல் செய்தேன். அங்கே படித்தவர்கள் எல்லாம் சேர்ந்து இப்போது ஒரு மலர் போடுகிறார்களாம். அதில் பழைய வார்டனம்மாவைப் பற்றித்தான் ஜாஸ்தி வருமாம். அங்கே தங்கிப் படித்து, பிறகு தலைமையாசிரியையாக இருந்து ரிடயர் ஆன ஒரு டீச்சர் என் வீடு தேடி வந்தார்.

"அக்கா, அம்மாவப் பத்தி நீங்க ரெண்டு பக்கமாவது எழுதணும். கூடவே இருந்தவங்க நீங்கதான்."

"எனக்கு இன்னாம்மா தெரியும்? நான் அடுப்பாண்ட கெடந்தவ."

"அதத்தான் எழுதுங்கன்றேன்."

தான் எழுதி வைத்திருந்ததை அவர் எனக்குப் படித்துக் காட்டினார். நன்றாகத்தான் இருந்தது. நடுவில் ஒரு வரி வந்தது. போராட்டம் நடந்த வருஷம் ரோட்டு மறியலால் ஒரே ஒரு மலைப் பெண் மட்டும் குறித்த நாளில் வர முடியாமல் பரீட்சையைத் தவறவிட்டாள் என்றும், அம்மா அதை நினைத்துப் பல வருஷம் வருத்தப்பட்டார் என்றும் எழுதியிருந்தார். நான் அந்த வரியை மறுபடி படிக்கச் சொன்னேன். படித்தார். "எழுதறேம்மா" என்றேன். டீச்சருக்கு ரொம்பச் சந்தோஷம். அந்த வரி இல்லாவிட்டால் நான் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன்.

வார்டனம்மாவின் பேரை எழுதப் போவதில்லை. இறந்துபோய்விட்டார். தெரிந்தவர்களுக்குத் தெரியும். எனக்கு அவரைப் பிடிக்காது. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தெற்குப் பக்கத்து ஊர்க்காரர். காலேஜில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார், ஹாஸ்டலுக்கும் அவரே வார்டன். கல்யாணம் ஆகவில்லை. கஞ்சி போட்ட வாயில் சேலை மொடமொடவென்று இருக்கும், ஆனால் நடந்து வந்தால் சத்தமே கேட்காது. அடுப்பு ஊதிக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் சந்தன சோப்பு வாசனை வரும். அதற்கப்புறம்தான் அவர் நிற்பது தெரியும். எத்தனை தடவை கரண்டியைக் கீழே போட்டிருக்கிறேன்.

கையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் வருஷவாரியாக மூன்று வரிசையில் தட்டை வைத்து உட்காருவார்கள். அம்மா ஒவ்வொரு தட்டையும் பென்சிலால் ஒரு தட்டு தட்டிக்கொண்டே போவார். "எத்தனை பாக்கி?" என்பார். தோற்றுப்போய் மறுபடி எழுத வேண்டிய பேப்பரை அவர்கள் அரியர் என்பார்கள். அதைத்தான் கேட்கிறார். "இல்லைம்மா" என்கிற பிள்ளைக்கு நான் உடனே சோறு போடலாம். "ஒண்ணும்மா", "ரெண்டும்மா" என்கிற பிள்ளை, எந்தப் பேப்பர், எப்போது முடிப்பாள் என்று சொன்ன பிறகுதான் போட வேண்டும். வாளியைத் தூக்கிக்கொண்டு நான் காத்துக்கொண்டு நிற்பேன். பசியில் இருக்கிற பிள்ளையின் முன்னால் சோற்று வாளியோடு சும்மா நிற்பது எப்படி இருக்கும் என்று அம்மாவுக்குத் தெரியாது. அவர் ஒரு நாளும் வாளி தூக்கினதில்லை.

"மூணு வருஷம்னா மூணு வருஷம். ஒரு மாசம் கூட ஆனாலும் அது படிப்பு இல்லை, இழுப்பு" என்பார். இதை நான் ஆயிரம் தடவை கேட்டிருப்பேன்.

பொய் சொல்லக் கூடாது. பாடுபட்டார். அரியர் வைத்த பிள்ளைகளை விடிகாலை நாலரைக்கு எழுப்பி உட்கார வைத்து, தானும் தூங்காமல் சொல்லிக்கொடுத்தார். நான் ஸ்ட்ராங்காக டீ போட்டுத் தருவேன். ஒரு பிள்ளையின் ரிசல்ட்டை யுனிவர்சிட்டியில் ஏதோ காரணத்தால் நிறுத்திவைத்தபோது இவரே மெட்ராஸுக்கு பஸ் ஏறிப் போய், இரண்டு நாள் அந்த ஆபீஸ் வாசலிலேயே உட்கார்ந்து, வாங்கிக்கொண்டு வந்தார். காய்ச்சலோடு திரும்பினார். மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன். "உப்பு கம்மி" என்றார். அந்தப் பிள்ளைதான் இன்றைக்கு மலர் போடுகிற டீச்சர். அவருக்கு அம்மா சாமி. அதில் தப்பு ஒன்றும் இல்லை.

திட்டுவதில் அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. "உன் தலையில இருக்கறது முடி மட்டும்தானா?" என்று மூன்று வரிசைக்கும் கேட்கிற மாதிரி சொல்வார். பிள்ளைகள் அதற்குப் பயப்படவில்லை. அவர் சிரித்தால்தான் பயந்தார்கள். குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டே பேசுவார்கள்.

"ஏ, இன்னிக்கி அம்மா உன்னத் திட்டினாங்களா?"

"நல்லாத் திட்டினாங்கடி."

"அப்பன்னா இருப்ப. என்னப் பாத்து சிரிச்சிட்டாங்கடி. தலவலி எப்பிடிம்மா இருக்குது, ஒடம்பு எப்பிடிம்மா இருக்குதுன்னு கேட்டாங்க."

"ஐயோ. பெட்டியக் கட்டிக்கினு இரு."

நான் முதலில் விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன்.

அம்மாவுக்குத் தினம் இரண்டு காப்பி. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. நடுவில் என்றைக்காவது ஆபீஸ் ரூமிலிருந்து வாட்ச்மேன் வந்து, "அம்மா ஒரு காப்பி கேக்கறாங்க" என்பார். அந்தக் காப்பி அம்மாவுக்கு இல்லை. யாரோ ஒரு பிள்ளையின் அப்பா வந்திருப்பார். கடிதம் போட்டு வரவழைத்திருப்பார்கள். எனக்கு அது புரிய ஒரு வருஷம் ஆயிற்று. பிள்ளைகளுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. நடுப்பகலில் நான் டபராவை எடுத்தால் சமையல்கட்டு ஜன்னலில் நாலு முகம் வந்துவிடும்.

"அக்கா, யாருக்குக்கா காப்பி?"

"எனக்கு இன்னாடி தெரியும்?"

"போயி பாத்துக்கினு வந்து சொல்லுக்கா. எங்கப்பா பச்சத் துண்டு போட்டிருப்பாரு."

வடக்கனந்தலிலிருந்து ஒருவர் வந்தது நன்றாக நினைவிருக்கிறது. கரும்பு வெட்டுகிற ஆள். அவர் வந்ததும் அம்மா நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். "உட்காருங்க ஐயா" என்று எதிர் நாற்காலியைக் காட்டினார். அந்த மனுஷனை அதுவரை எந்த ஆபீஸிலும் யாரும் உட்காரச் சொல்லியிருக்க மாட்டார்கள். துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். நான் காப்பி கொண்டுபோனதும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அம்மா சிரித்த முகமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை இளைச்சுப் போயிட்டா. இந்த நிலைமையில பரீட்சை எழுதினா உடம்புதான் கெடும். ஒரு வருஷம் வீட்டுல ஓய்வு எடுத்துட்டு வரட்டும். நானே சேர்த்துக்கறேன்."

"நீங்க சொன்னா செரிங்கம்மா."

"இதுல ஒரு கைநாட்டு வைங்க."

நான் கூச்சக்காரி. யார் முகத்தையும் பார்த்துப் பேசினதில்லை. அந்த ரூமுக்குள் போனால் தலையைக் குனிந்தபடி டபராவை மேஜையில் வைத்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவேன். குனிந்த கண்ணுக்கு எதிரில் அந்தக் காகிதம் இருந்தது. ஐந்தாவது படித்தவளுக்குப் படிக்கத் தெரியாதா? 'எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் மகளின் படிப்பை நிறுத்திக்கொள்கிறோம்' என்று எழுதியிருந்தது. ஓய்வு என்ற வார்த்தை அதில் எந்த இடத்திலும் இல்லை. அவர் கட்டை விரலை வைத்துவிட்டு, நாற்காலியில் பட்டுவிடப்போகிறது என்று மையைத் தன் துண்டிலேயே துடைத்துக்கொண்டார்.

அந்தப் பிள்ளையின் தட்டு சாயங்காலம் சமையல்கட்டுக்குத் திரும்பி வந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் சேரும்போது நம்பர் வெட்டின ஒரு தட்டு கொடுப்பார்கள். போகும்போது திருப்பித் தர வேண்டும். நான் அதைக் கழுவிப் பரணில் போடுவேன். நோட்டில் அவள் பேரை அடித்துவிடுவேன். ஓய்வுக்குப் போன பிள்ளை ஒன்றுகூடத் திரும்பி வந்து தட்டு வாங்கினதில்லை.

அம்மா செய்தது இதுதான். பாஸ் பண்ணுகிற பிள்ளையைத் திட்டித் திட்டிப் பாஸ் பண்ண வைத்தார். பண்ண மாட்டாள் என்று தோன்றின பிள்ளைக்குக் காப்பி வரவழைத்தார். கடைசி வருஷப் பரீட்சைக்கு ஹாஸ்டலிலிருந்து எத்தனை பேர் போகிறார்களோ அத்தனை பேரும் பாஸ். மூன்றே வருஷத்தில். யுனிவர்சிட்டி வரைக்கும் பேர்.

ரிசர்வேஷன் கேட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. புளியமரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்தார்கள். உளுந்தூர்பேட்டையில் லாரிகள் நாள்கணக்கில் நின்றுகொண்டிருந்தன. ஒரு குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஹாஸ்டலுக்குள்ளும் அது வந்துவிட்டது. ஒட்டி உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளைகள் தட்டைத் தள்ளிவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒரு பிள்ளையின் அண்ணனை போலீஸ் பிடித்துப் போயிருந்தது. இன்னொரு பிள்ளையின் தெருவில் கூரைக்குத் தீ வைத்துவிட்டார்கள். இரண்டு பேருக்கும் ஒரே கரண்டியில்தான் நான் குழம்பு ஊற்றினேன். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

ஒரு நாள் மத்தியானம் பத்துப் பதினைந்து ஆட்கள் கேட்டுக்கு வந்துவிட்டார்கள். கையில் கழி இருந்தது. வாட்ச்மேன் என் பின்னால் வந்து நின்றுகொண்டார். அம்மா குடையை விரித்துக்கொண்டு தனியாகப் போனார்.

"உள்ள எங்க ஆளுங்க பொண்ணுங்க எத்தினி, மத்தவங்க எத்தினின்னு சொல்லும்மா. எங்க பொண்ணுங்கள நாங்க இட்டுக்கினு போறோம்."

"இந்தக் கட்டடத்துல ரெண்டே ஜாதிதான் தம்பி. பாஸ், ஃபெயில். நீங்க எதுல சேர்த்தி?"

ஒருவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நானு எட்டாவதே ஃபெயிலும்மா" என்றான். மற்றவர்களும் சிரித்தார்கள். கழியை இழுத்துக்கொண்டே போய்விட்டார்கள்.

இந்த வார்த்தையை இன்றைக்கும் எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுகிறார்கள். மலரில் முதல் பக்கத்தில் இதுதான் வரும் என்று டீச்சர் சொன்னார். தைரியம்தான். நானாக இருந்தால் மண்ணெண்ணெய் டின்னுக்குப் பின்னால் ஒளிந்திருப்பேன். ஆனால் இரண்டாவது ஜாதியை அவர் என்ன செய்தார் என்று பரணில் இருந்த தட்டுகளுக்குத் தெரியும்.

அலமேலு கடைசி வருஷம். கல்வராயன் மலையில் வெள்ளிமலையையும் தாண்டி உள்ளே போக வேண்டிய ஊர். அவள் ஊரில் அதுவரை பத்தாவது தாண்டின பெண்ணே இல்லை. முதல் இரண்டு வருஷத்துப் பேப்பரெல்லாம் முடித்துவிட்டாள், முதல் வருஷத்து இங்கிலீஷ் ஒன்று மட்டும் பாக்கி. இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கொஞ்சத்தில் போய்விட்டது. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இங்கிலீஷ் கட்டுரையைச் சத்தமாக ஒப்பிப்பாள். எனக்கே பாதி மனப்பாடம் ஆகிவிட்டது. நடுவில் நிறுத்தினால் அடுத்த வார்த்தையை நான் எடுத்துக்கொடுப்பேன்.

"ஐயே, அக்கா பாஸு, நானு ஃபெயிலு" என்பாள்.

"படிச்சி இன்னாடி பண்ணப் போற?"

"எங்கூரு பள்ளிக்கூடத்துக்கு எந்த வாத்தியாரும் வந்து நிக்க மாட்டேங்கறாங்கக்கா. ஏறி வராங்க, மறுநாளே எறங்கிடறாங்க. நான் அங்கியே கெடக்கறவ, என்ன எங்க எறங்கச் சொல்லுவாங்க?"

பெரிய மறியல் வரப்போகிறது, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. பரீட்சைக்கு ஃபாரம் அனுப்பக் கடைசி நாள் அதே வாரத்தில் வந்தது. அதனால் எல்லாரும் ஃபாரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். அலமேலுவும் கொடுத்தாள். சமையல்கட்டில் உட்கார்ந்துதான் எழுதினாள், மூலையில் மஞ்சள் கறை பட்டுவிட்டதே என்று என்னைத் திட்டினாள். அவளுக்குப் போக மனமில்லை.

"நான் போனா வர முடியாதும்மா. இங்கியே இருந்துக்கறேன்."

"எல்லாரும் போகும்போது நீ மட்டும் எப்படி? போயிட்டு வாம்மா" என்றார் அம்மா. சிரித்துக்கொண்டு சொன்னார்.

ஐந்தாறு நாள் ஒரு பஸ்கூட ஓடவில்லை. ஹாஸ்டலில் அம்மா, வாட்ச்மேன், நான். ஃபாரம் அனுப்பக் கடைசி நாளன்று மத்தியானம், நான் மூன்று பேருக்கு உலை வைத்து இறக்கும் நேரத்தில், பின்வாசலில் அலமேலுவும் அவள் அப்பாவும் வந்து நின்றார்கள். மலையிலிருந்து கச்சிராயபாளையத்துக்கு நடையாக இறங்கி, அங்கே ஒரு மாட்டுக்கொட்டாயில் படுத்து எழுந்து, வெட்டிப்போட்ட மரத்தையெல்லாம் ஏறித் தாண்டி வந்திருக்கிறார்கள். அவள் பாவாடை முட்டி வரைக்கும் கிழிந்திருந்தது.

"ஃபாரம் அனுப்பறதுக்குள்ள அம்மா கண்ணுல பட்டுடணும்னு வந்தேங்கா. வரலன்னு எடுத்து வச்சிடுவாங்களோன்னு பயமா இருந்துச்சி."

"மொதல்ல சாப்புடு" என்றேன். இருந்த சோற்றை இரண்டு பேருக்கும் போட்டேன். எங்களுக்கு மறுபடி உலை வைத்தேன். நோட்டை எடுத்துப் பகல் கட்டத்தில் அலமேலு என்று எழுதிக் கோடு போட்டேன். கீழே 'கூட வந்தவர் 1' என்றும் எழுதினேன். யாருக்குச் சோறு போட்டாலும் எழுத வேண்டும். அது என் வேலை. அடுத்த வீட்டு ரேடியோவில் பன்னிரண்டரை மணி செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

வாட்ச்மேன் போய்ச் சொன்னார். அம்மா இரண்டு மணிக்கு அவர்களைக் கூப்பிட்டு அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் வாட்ச்மேன் திரும்பி வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"ஒரு காப்பி கேக்கறாங்க."

நான் அதுவரை அம்மாவிடம் ஒரு பொய் சொன்னதில்லை. "பால் இல்லன்னு சொல்லு. மறியல்ல பாலு வரல" என்றேன். அந்த ஒரு காப்பி போகாவிட்டால் அந்தக் காகிதமும் மேஜைக்கு வராது என்று எனக்கு ஒரு எண்ணம். படிக்காதவள் புத்தி.

சந்தன சோப்பு வாசனை வந்தது. அம்மா சமையல்கட்டுக்குள் நின்றுகொண்டிருந்தார். நேராகப் போய் மூடியிருந்த குண்டானைத் திறந்தார். அரைப்படி பால் இருந்தது, காலையில் காய்ச்சினது. மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார். சிரித்தார். அத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்து அவர் சிரித்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

"களைச்சுப் போயிட்டீங்க. கொஞ்ச நாள் வீட்டுல ஓய்வு எடுத்துக்கறீங்களா?"

என் வீட்டுக்காரர் போய் அப்போது இரண்டு வருஷம். எனக்கு இரண்டு பிள்ளைகள். "வேணாங்கம்மா" என்றேன். அடுப்பைப் பற்றவைத்தேன்.

காப்பியைக் கொண்டுபோனேன். அலமேலுவின் அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் சுவரோரம் நின்றாள்.

"என் ஃபாரத்த நானு அன்னிக்கே குடுத்துட்டேம்மா. அந்தக் கட்டுல இருக்கும், பாருங்கம்மா."

"கட்டு காலையிலேயே காலேஜுக்குப் போயிடுச்சேம்மா. நீ வருவியோ வர மாட்டியோன்னு உன்னோடதை நான் சேர்க்கலை. மறியல் உன் தப்பா? யார் தப்பும் இல்லை. ஒரு வருஷம் ஓய்வு எடு."

"பாக்கி ஒரு பேப்பருதாம்மா. இந்தத் தடவ எழுதிடுவேன். அடுத்த வருஷம்னா ஹாஸ்டல்ல எடம் இருக்காது, எங்க இருந்துக்கினு எழுதுவேன்?"

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இவ்ளோ பெரிய அம்மா நமக்கு காப்பி குடுத்து பேசிக்கினு இருக்காங்க, நீ இன்னா எதிர்த்துப் பேசற? வாய மூடு" என்றார். என்னிடம் திரும்பி, "காப்பி நல்லாருக்குதும்மா" என்றார்.

அம்மாவின் தலைக்குப் பின்னால் பீரோ மேல் ஃபாரக் கட்டு இருந்தது. வெள்ளை நாடா போட்டுக் கட்டின கட்டு. அதன்மேல் தனியாக ஒரு காகிதம், மூலையில் மஞ்சள் கறை. நான் பார்த்தேன். அலமேலு கட்டைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்திருந்தால் போதும். தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன்.

சாயங்காலம் வாட்ச்மேன் டீ குடிக்க வந்தார். "கட்ட இப்பத்தான் காலேஜுல குடுத்துட்டு வரேன். அஞ்சு மணிக்குள்ள சேத்துட்டேன்" என்றார். நான் அவருக்கு டீ ஊற்றினேன். அதற்குள் அவர்கள் இரண்டு பேரும் நடந்தே மலைக்குத் திரும்பிப் போயிருந்தார்கள். அலமேலுவின் தட்டு குழாயடியில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அவளே கழுவியிருக்கிறாள்.

அந்த வருஷமும் எல்லாரும் பாஸ். பெரிய அதிகாரி ஒருவர் வந்து அம்மாவுக்கு மாலை போட்டார். "போராட்டம் நடந்த வருஷத்திலேகூட ஒருத்தர் பாக்கி இல்லை" என்று பேசினார். அன்று அம்மா மேடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறியலால் ஒரு மலைப் பெண்ணை இழந்துவிட்டேன் என்று சொன்னார். நான் அதைச் சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். போட்டோ எடுக்க என்னையும் கூப்பிட்டார்கள். போகவில்லை. ஓரமாக நின்று எண்ணினேன். இருபத்தொரு பேர். அந்தப் பிள்ளைகள் முதல் வருஷம் வந்தபோது நான் முப்பத்தெட்டுத் தட்டு எடுத்துக் கொடுத்தேன். இரண்டு மூன்று பேர் கல்யாணம் ஆகிப் போனார்கள், அதை அம்மா மேல் போட மாட்டேன். மீதியெல்லாம் என் காப்பி.

பல வருஷம் கழித்து கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஒருத்தி கையைப் பிடித்தாள். தலையில் கடுக்காய் மூட்டை. அலமேலு. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு என் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தாள். அவளுக்கு மூன்று பிள்ளைகளாம். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இப்போதும் ஏறி வருகிறார், இறங்கிப் போகிறாராம். பிறகு அவளாகவே சொன்னாள்.

"எங்கப்பா சாவற வரைக்கும் அந்தக் காப்பியப் பத்தியேதான் பேசிக்கினு இருந்தாருக்கா. காலேஜுக்காரம்மா சேர்ல உக்கார வச்சி காப்பி குடுத்தாங்கன்னு ஊரு பூரா சொல்லிட்டாரு. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அதே கதைதான்."

பஸ் வந்துவிட்டது. நான் மூட்டையைத் தூக்கி அவள் தலையில் வைத்தேன்.

"அத நீங்க போட்டதுன்னு நான் அவருகிட்ட சொல்லவே இல்லக்கா" என்றாள். ஏறிப் போய்விட்டாள்.

டீச்சரம்மா, நான் எழுதினதில் பிழை இருக்கும். வருஷம் முன்பின் இருக்கலாம். இருபத்தொன்றா இருபத்திரண்டா என்பதுகூட இப்போது சந்தேகமாக இருக்கிறது. அதனால் என்னை நம்ப வேண்டாம். ஹாஸ்டல் ஸ்டோர் ரூமில் பழைய சாப்பாட்டு நோட்டுகளைக் கட்டி வைத்திருந்தார்கள், கரையான் தின்னாமல் இருந்தால் யாராவது எடுத்துப் பாருங்கள். முதல் வருஷத்தில் எத்தனை பேர், கடைசி வருஷத்தில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். மறியல் வாரத்துப் பக்கத்தையும் பாருங்கள். அந்த வாரத்தில் மூன்று பேருக்கு மேல் எழுதியிருக்கிற நாள் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஃபாரம் கொடுக்கக் கடைசி நாள் எது என்று காலேஜில் கேட்டு, இரண்டும் ஒரே நாளா என்று சரிபாருங்கள். பகல் கட்டத்தில் என் கையெழுத்தில் அலமேலு என்று இருக்கும். வர முடியாமல் போனவள் பேருக்கு நேரே நான் கோடு போட மாட்டேன்.